பெர்குசனோடு முடிந்துவிடுவதில்லை ஸ்காட்லாந்து

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கால்பந்து நூல்களைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை ஒரே மூச்சில் படித்து முடித்தேன். பிரேசில், இத்தாலி, இங்கிலாந்து எல்லாவற்றுக்கும் தாராளமாக இடம் கொடுத்த கட்டுரையாளர், ஸ்காட்லாந்து என்று வந்ததும் மான்செஸ்டர் யுனைடெட்டை நெடுங்காலம் நடத்திய மேனேஜர் அலெக்ஸ் பெர்குசனின் தன்வரலாற்றைக் குறிப்பிட்டுவிட்டு அடுத்த நாட்டுக்குப் போய்விட்டார். எனக்கு அதில்தான் மனக்குறை. உலகின் முதல் சர்வதேசக் கால்பந்துப் போட்டி 1872 நவம்பர் 30 அன்று கிளாஸ்கோவில் நடந்தது. பந்தைக் காலோடு வைத்துக்கொண்டு தனியாளாக ஓடுவதே ஆட்டம் என்றிருந்த காலத்தில், ஒருவருக்கொருவர் தட்டிக்கொடுத்து ஆடும் முறையை வளர்த்துக் காட்டியவர்கள் ஸ்காட்லாந்துக்காரர்கள். அந்த நாட்டின் கால்பந்து எழுத்துக்கு ஒரு வரி போதாது.

பெர்குசன் புத்தகத்தின் மேல் எனக்குக் கோபம் ஒன்றும் இல்லை. 1999இல் வந்த அதை எழுத உதவியவர் ஹியூ மெக்கில்வன்னி என்ற மிகச் சிறந்த விளையாட்டுப் பத்திரிகையாளர். கிளாஸ்கோவின் கோவன் பகுதியில் கப்பல் கட்டும் தளங்களின் நிழலில் வளர்ந்த நாட்களைப் பற்றிய தொடக்க அத்தியாயங்கள் அருமையானவை. ஆனால் மான்செஸ்டருக்குப் போனபின் அது இங்கிலாந்துக் கால்பந்தின் கதையாகிவிடுகிறது. ஸ்காட்லாந்தின் பெர்குசன் வேண்டுமென்றால், ஸ்காட்லாந்தின் அபர்டீன் அணியை நடத்திய நாட்களைப் பற்றி அவர் 1985இல் எழுதிய சிறிய நூலைத் தேடிப் படிக்கலாம். 1983இல் கோதன்பர்க்கில் நடந்த ஐரோப்பியக் கோப்பை இறுதி ஒன்றில் அபர்டீன் ரியல் மாட்ரிட்டை 2-1 என்று வீழ்த்திய சூடு ஆறாமல் எழுதியது அது.

சரி, யாராவது ஒரே ஒரு நூல் கேட்டால் எதைச் சொல்வேன்? ஜாக் அலெக்சாண்டரின் 'மெக்ரேஸ் பட்டாலியன்'. 2003இல் வெளிவந்தது. 1914இல் எடின்பரோவின் ஹார்ட்ஸ் (முழுப் பெயர் ஹார்ட் ஆஃப் மிட்லோதியன்) அணி லீக்கில் முதலிடத்தில் இருந்தது. முதல் உலகப் போர் தொடங்கியிருந்தது. இளைஞர்கள் களத்தில் சாகும்போது இவர்கள் பந்து ஆடுகிறார்களே என்று ஏச்சு கிளம்பியது. அந்த அணி தன் பெயரை 'மிட்லோதியனின் வெள்ளை இறகுகள்' என்று மாற்றிக்கொள்ளட்டும் என்று உள்ளூர் நாளிதழுக்கு ஒரு வாசகர் கடிதம் எழுதினார். வெள்ளை இறகு அங்கே கோழைக்குக் கொடுக்கும் அடையாளம். அந்தக் கடிதம் வந்த சில நாட்களிலேயே ஹார்ட்ஸ் ஆட்டக்காரர்கள் கூட்டமாகப் போய், எடின்பரோவின் முன்னாள் நாடாளுமன்ற உறுப்பினர் ஜார்ஜ் மெக்ரே திரட்டிய படைப்பிரிவில் சேர்ந்தார்கள். அவர்கள் பின்னால் மற்ற கிளப்களின் ஆட்டக்காரர்களும் ரசிகர்களும் வந்தார்கள். பகலில் படைப் பயிற்சி, சனிக்கிழமை ஆட்டம் என்று உடல் ஓய்ந்துபோன அணி, கடைசி வாரங்களில் கிளாஸ்கோவின் செல்டிக் அணியிடம் பட்டத்தை இழந்தது. 1916 ஜூலை 1, பிரான்சில் நடந்த சோம் போரின் முதல் நாளில் மட்டும் ஹார்ட்ஸ் ஆட்டக்காரர்கள் மூன்று பேர் இறந்தார்கள். போர் முடிவதற்குள் அணி ஏழு பேரைப் பறிகொடுத்திருந்தது.

இந்த நூலின் பெருமை, இறந்தவர்களை வீரத் தியாகிகள் என்று சொல்லி மேடையில் ஏற்றிவிட்டு அது ஒதுங்கிக்கொள்வதில்லை. ஒவ்வொருவரும் எந்தத் தெருவில் பிறந்தார், என்ன வேலை பார்த்தார், எந்த இடத்தில் ஆடினார் என்று பொறுமையாகச் சொல்லிக்கொண்டே போகிறது. படிக்கப் படிக்க, அந்தப் பெயர்கள் நமக்குத் தெரிந்தவர்களாகிவிடுகின்றன. அப்புறம்தான் சோம் வருகிறது.

நாவல் பிரியர்களுக்கு ராபின் ஜென்கின்ஸ் 1954இல் எழுதிய 'தி திஸில் அண்ட் தி கிரெயில்'. ட்ரம்சாகார்ட் என்ற கற்பனை ஊர். தோற்றே பழகிய அதன் அணி. ஜூனியர் கோப்பையைத் துரத்தும் ஒரு பருவம். இங்கே ஜூனியர் என்றால் சிறுவர்கள் என்று நினைத்துவிட வேண்டாம். அந்தக் காலத்தில் லீக் அமைப்புக்கு வெளியே ஊர்க் கிளப்கள் ஆடிய பிரிவு அது. வேலையில்லாதவர்கள், மதகுருமார், கடைக்காரர்கள், வீட்டில் நிம்மதியில்லாத கிளப் தலைவர் என்று ஊரே அந்தக் கோப்பைமேல் தன் ஆசையை ஏற்றிவைக்கிறது. கால்பந்தே தெரியாதவர்கள்கூட இதைக் கீழே வைக்க மாட்டார்கள். முடிவைச் சொல்லிக் கெடுக்க மாட்டேன்.

எங்கள் நண்பர்கள் வட்டத்தில் இன்னும் தீராத சண்டை டேவிட் பீஸின் 'ரெட் ஆர் டெட்' பற்றியது. லிவர்பூல் மேனேஜர் பில் ஷாங்க்லியைப் பற்றிய பெரிய நாவல். ஒரே வாக்கியம் திரும்பத் திரும்ப வருகிறது என்று ஒருவர் ஐம்பது பக்கத்தில் மூடிவிட்டார். எழுதியவர் யார்க்‌ஷயர்காரர், கதை நடப்பது லிவர்பூலில், இதைப் போய் ஸ்காட்லாந்து நூல் என்கிறாயே என்று இன்னொருவர் கேட்கிறார். நான் விட்டுக்கொடுப்பதாக இல்லை. ஷாங்க்லி க்ளென்பக் என்ற அய்ர்ஷயர் சுரங்க ஊரில் பிறந்து, சிறுவயதில் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். மான்செஸ்டர் யுனைடெட்டை நடத்திய மாட் பஸ்பியும் செல்டிக்கை நடத்திய ஜாக் ஸ்டீனும்கூட நிலக்கரிச் சுரங்கத்திலிருந்து வந்தவர்கள்தான். எல்லாரும் சேர்ந்து உழைக்க வேண்டும் என்ற ஷாங்க்லியின் பிடிவாதம் அங்கே கற்றது. அதே வாக்கியம் மறுபடி மறுபடி வருவது, நாள்தோறும் அதே பயிற்சியைச் செய்வதன் அலுப்பையும் அழகையும் நம் உடம்பில் ஏற்றுகிறது.

கிளாஸ்கோவில் கத்தோலிக்கர் பக்கம் நின்ற செல்டிக், புராட்டஸ்டன்ட் பக்கம் நின்ற ரேஞ்சர்ஸ் இரண்டின் பகையைப் பற்றி நூல்கள் குவிந்து கிடக்கின்றன. பில் மர்ரி 1984இல் எழுதிய ஆய்வு ஒன்றே எனக்குப் போதும். மதம், குடியேற்றம், வேலைவாய்ப்பு என்று பகையின் வேர்களை அது நிதானமாகத் தோண்டுகிறது. கத்தோலிக்கர் என்று ஊரறிந்த பெரிய ஆட்டக்காரரான மோ ஜான்ஸ்டனை ரேஞ்சர்ஸ் சேர்த்துக்கொண்டது அதற்கும் ஐந்து ஆண்டுகள் கழித்துத்தான் என்பதை மனத்தில் வைத்துப் படித்தால், அந்த நூலுக்கு எவ்வளவு துணிச்சல் வேண்டியிருந்திருக்கும் என்பது புரியும். இரண்டு பெரிய கிளப்களைத் தாண்டிச் சிற்றூர்களின் மைதானங்களைப் பார்க்க, டேனியல் கிரே 2010இல் எழுதிய 'ஸ்ட்ராமாஷ்' நல்ல துணை. 1978 உலகக் கோப்பையில் ஸ்காட்லாந்து அடைந்த தோல்வியைப் பற்றிய நூல்களும் உண்டு. நண்பர்கள் சிலருக்கு அவை உயிர், எனக்கு ஒன்றோடு திகட்டிவிட்டது.

இன்னும் நிறைய எழுதப்பட வேண்டியவை இரண்டு. 1881இல் இங்கிலாந்தை 6-1 என்று வென்ற ஸ்காட்லாந்து அணியின் தலைவர் ஆண்ட்ரூ வாட்சன், கயானாவில் பிறந்த கருப்பினத்தவர். நூறு ஆண்டுகளுக்கும் மேலாக அவரை உலகம் மறந்தே இருந்தது. அதேபோல் கால்பந்து வீராங்கனை ரோஸ் ரைலி. சொந்த நாட்டில் பெண்களுக்கு ஆட வழியில்லாததால் பிரான்சுக்கும் பிறகு இத்தாலிக்கும் போய்ப் புகழ் பெற்றவர். எங்கள் கைக்குக் கிடைத்த ஸ்காட்லாந்து நூல்களில் பெண்கள் ஆட்டத்துக்கு ஒதுக்கிய பக்கங்கள் வருத்தப்படும் அளவுக்குக் குறைவு.

கட்டுரையின் அடுத்த பகுதி வரும் என்று அறிவித்திருக்கிறீர்கள். அதில் 'மெக்ரேஸ் பட்டாலியன்' நூலுக்காவது ஒரு முழுப் பக்கம் ஒதுக்குங்கள். ஜென்கின்ஸ் நாவலைத் தமிழில் கொண்டுவர முடியுமா என்று உங்களுக்குத் தெரிந்த பதிப்பாளர்களிடம் கேளுங்கள். முன்பணம் கட்டி வாங்க நாங்கள் தயார்.

அன்புடன்,
உங்கள் நெடுநாள் வாசகர்,
திருச்சி