தனியே வருபவருக்கும் மலையில் ஓர் இடம் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மலைச் சுற்றுலாவை ஒழுங்குபடுத்துவது குறித்துத் தங்கள் இதழில் வெளியான கட்டுரை, குடும்பங்களாகவும் நண்பர் குழுக்களாகவும் செல்பவர்களைப் பற்றி விரிவாகப் பேசியது. ஆனால், தம் வாழ்க்கையைப் பற்றி அமைதியாக எண்ணிப் பார்ப்பதற்காக ஒருவர் தனியே ஓரிரு இரவுகள் மலையில் கூடாரமிட்டுத் தங்க விரும்பினால், அவருக்கு நம் மாநிலத்தில் என்ன வழி இருக்கிறது என்பதை அது தொடவில்லை. அதை முன்வைக்கவே இதை எழுதுகிறேன்.

கணவர் மறைந்த பிறகு, துறையூர் வீட்டிலேயே இருப்பதா, சென்னையில் மகனோடு போய்ச் சேர்ந்துகொள்வதா என்று நான் முடிவெடுக்க வேண்டியிருந்தது. உறவினர்கள் அக்கறையோடுதான் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். அத்தனை குரல்களுக்கு நடுவே என் மனம் எதை விரும்புகிறது என்பது எனக்கே பிடிபடவில்லை. சில நாள் விலகியிருக்கலாம் என்று ஒரு மலை ஊரில் அறை கேட்டபோது, தனியாக வரும் பெண்ணுக்கு அறை தருவதில்லை என்று விடுதியில் மறுத்துவிட்டார்கள். தனியே வருபவர் உயிரை மாய்த்துக்கொள்ள வந்தவராக இருக்கலாம் என்ற அச்சமும், அப்படி ஏதேனும் நேர்ந்தால் காவல் நிலையத்துக்கு அலைய வேண்டியவர்கள் தாங்களே என்ற கவலையும் விடுதி ஊழியர்களுக்கு இருப்பது எனக்குப் புரிகிறது. என்றாலும், துணையின்றி இருக்க விரும்புவதையே ஐயத்துக்குரிய செயலாக ஒரு சமூகம் கருதிவிட்டால், துக்கத்தில் இருப்பவர் எங்கே போய்த் தம்மைத் தேற்றிக்கொள்வார்?

பச்சைமலையில் எங்களுக்கு நெடுநாளாகத் தெரிந்த மலையாளிப் பழங்குடிக் குடும்பம் ஒன்று, தங்கள் மரவள்ளிக் காட்டின் ஓரத்தில், கூப்பிட்டால் கேட்கும் தொலைவில், கூடாரம் போட்டுக்கொள்ள இடம் தந்தது. தை மாதம், பொங்கல் முடிந்திருந்தது. முதல் நாள் மாலையில் எதுவும் தெளியவில்லை என்பதை மறைக்காமல் சொல்ல வேண்டும். கை பழக்கத்தால் கைப்பேசியைத் தேடியது. மனம் மின்கட்டணம், வங்கி வேலை என்று பட்டியல் போட்டுக்கொண்டே இருந்தது. இருட்டியதும் அச்சம் வந்தது. சருகு அசைந்தாலும் டார்ச்சை எடுத்தேன். பக்கி என்ற இராப்பறவை விட்டு விட்டுக் கூப்பிடுவதையும், பனித்துளி இலையிலிருந்து கூடாரத் துணியில் சொட்டுவதையும், எங்கோ ஒரு நாய் குரைப்பதையும் தனித்தனியாக அடையாளம் காணத் தொடங்கிய பிறகே உடல் தளர்ந்தது. வெளியே வந்து நிமிர்ந்தபோது கார்த்திகை மீன்கள் தலைக்கு மேலே நின்றன. அவற்றை அவ்வளவு தெளிவாகக் கடைசியாக எப்போது பார்த்தேன் என்று நினைவில்லை.

மறுநாள் செய்வதற்கு ஒன்றுமே இருக்கவில்லை. அதுதான் எனக்குத் தேவைப்பட்டிருந்தது. சிறிய கேஸ் அடுப்பில் சாமைக் கஞ்சி வைப்பது, ஓடையிலிருந்து தண்ணீர் கொண்டுவந்து காய்ச்சுவது, வெயில் நகர நகர நிழலுக்கு மாறி உட்காருவது என்று பகல் மெல்லக் கழிந்தது. பேச ஆள் இல்லாதபோது, பிறருக்காகச் சொல்லிவந்த காரணங்கள் ஒவ்வொன்றாக உதிர்கின்றன. மகனுக்குப் பாரமாகிவிடுவேன் என்று எல்லாரிடமும் சொல்லிவந்தேன். உண்மையில், கணவர் நட்ட மரங்களை விட்டுப் போக எனக்கு மனமில்லை என்பதே அன்று பிற்பகலில் தெரிந்தது. துறையூரிலேயே இருப்பது, மழைக்காலத்தில் மட்டும் சென்னைக்குப் போய்வருவது என்று அங்கேயே தீர்மானித்தேன். துக்கம் தீர்ந்துவிடவில்லை, அதோடு எப்படி இருப்பது என்பது தெரிந்தது.

எனக்குக் கிடைத்தது தெரிந்தவர்களின் அன்பால் கிடைத்தது. அப்படி யாரையும் தெரியாதவருக்கு இன்று வழியில்லை. காப்புக்காடுகளில் அனுமதியின்றி நுழைவது குற்றம், அது சரியானதே. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் சிக்கிய மலையேற்றக் குழுவினரில் 20-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்ததை மறந்துவிட்டு யாரும் தளர்வு கேட்க முடியாது. 2021 ஜனவரியில் வயநாட்டில் மேப்பாடிக்கு அருகே கூடாரத்தில் தங்கியிருந்த பெண் ஒருவர் யானை தாக்கி இறந்ததும் நினைவில் இருக்க வேண்டும். குரங்கணிக்குப் பின் அரசு மலையேற்ற விதிகளை வகுத்தது. 2024 அக்டோபரில் 40 பாதைகளுடன் மலையேற்றத் திட்டத்தையும் தொடங்கி, காட்டையொட்டிய கிராமங்களின் இளைஞர்களை வழிகாட்டிகளாக அமர்த்தியது. நல்ல தொடக்கம் இது. ஆனால் அவை பெரும்பாலும் பகலில் ஏறி மாலைக்குள் இறங்கிவிடும் நடைகள். ஓர் இடத்தில் அமைதியாகத் தங்கியிருக்க விரும்புபவருக்கு உரியவை அல்ல.

நார்வேயில் 1957-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, பயிரிடப்படாத நிலத்தில், வீடுகளிலிருந்து 150 மீட்டருக்கு அப்பால், ஒரே இடத்தில் 2 இரவுகள் வரை எவரும் அனுமதி கேட்காமலேயே கூடாரமிடலாம். அதே நாட்டில் ஏப்ரல் 15 முதல் செப்டம்பர் 15 வரை காட்டிலும் காட்டருகிலும் தீ மூட்டத் தடையும் இருக்கிறது. யானையும் சிறுத்தையும் வாழும் நம் காடுகளுக்கு அந்த உரிமை அப்படியே பொருந்தாது. உரிமையையும் கட்டுப்பாட்டையும் சேர்த்தே வழங்கும் அந்த அணுகுமுறை பொருந்தும்.

ஆகவே, யானைக் கூட்டங்கள் நிலையாக வாழாத பச்சைமலை, கொல்லிமலை போன்ற கிழக்குத் தொடர்ச்சி மலைகளில், காப்புக்காட்டுக்கு வெளியே, ஊர்களையொட்டிய நிலத்தில், சில கூடாரத் திடல்களை அமைக்குமாறு வனத்துறையையும் சுற்றுலாத் துறையையும் கேட்டுக்கொள்கிறேன். கொல்லிமலையின் அரியூர்ச் சோலையில் இரவு வானத்தைக் காக்கும் இருள்வான் பூங்காவை அரசு அறிவித்திருப்பதால், அந்த வட்டாரத்திலிருந்தே தொடங்கலாம். ஒரு திடலில் நான்கைந்து கூடாரங்களுக்கு மேல் கூடாது. ஒன்றுக்கொன்று பேச்சுக் கேட்காத இடைவெளி வேண்டும். ஒலிபெருக்கி, மது, விறகுத்தீ மூன்றுக்கும் முழுத் தடை தேவை. சென்ற ஆண்டு ஒரு மலையில் தனியார் நடத்தும் கூடாரத் தளத்தைப் பார்க்கப் போனேன். நள்ளிரவு வரை பாட்டும் நெருப்புமாக இருந்த அந்த இடத்துக்கும் ஊர்த் திருவிழாவுக்கும் எனக்கு வேறுபாடு தெரியவில்லை. கழிப்பறை, குடிநீர், இரவில் அழைத்தால் வரக்கூடிய ஊர்க்காரர் ஒருவர், இவ்வளவு போதும். அதற்கு மேல் வசதி செய்யத் தொடங்கினால் அது விடுதியாகிவிடும். கட்டணத்தின் பெரும்பகுதி அந்த ஊருக்கே சேர வேண்டும். காட்டுத்தீக் காலத்தில் திடல்களை மூடிவிடலாம்.

வருபவரின் அடையாள அட்டையையும் உறவினர் ஒருவரின் தொலைபேசி எண்ணையும் பதிந்துகொள்ளட்டும். காலையும் மாலையும் ஊர்க்காரர் ஒருமுறை வந்து நலம் கேட்டுச் செல்லட்டும். விடுதிகளின் அச்சத்துக்கு அதுவே தக்க மாற்றாக இருக்கும். பெண்களுக்கெனத் தனித் திடல் ஒதுக்கி, அதன் பொறுப்பை அந்த ஊரின் மகளிர் சுய உதவிக் குழுவிடம் கொடுத்தால் என்னைப் போன்றவர்கள் துணிந்து வருவார்கள். விண்ணப்பப் படிவத்தில் 'உடன் வருவோர்' என்ற இடம் வெறுமையாக இருப்பதைக் காரணம் காட்டி யாரையும் திருப்பி அனுப்பக் கூடாது என்பதை விதியிலேயே எழுதிவைக்க வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி,
துறையூர், திருச்சி மாவட்டம்.