ஐந்து சொல்லுக்கும் ஒரே பொருளா?

ஆசிரியர் அவர்களுக்கு,

தங்கள் ஞாயிறு இதழின் ஆங்கிலப் பயிற்சிப் பகுதியில் 'இக்ஸாஜரேற்', 'ஓவர்ஸ்ரேற்', 'ஓவர்எஸ்ரிமேற்', 'எம்பெலிஷ்', 'ஹைப்பேர்பலி' ஆகிய ஐந்துக்கும் 'மிகைப்படுத்துதல்' என்று ஒரே பொருள் தரப்பட்டிருந்தது. சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகள் இதை அப்படியே மனனம் செய்வார்கள். அதனால்தான் இந்தக் கடிதம்.

'ஓவர்எஸ்ரிமேற்' இந்தக் கூட்டத்தில் சேராது. அது கணக்குப் பிழை, அதில் கள்ளமில்லை. வலையில் பட்ட சூரை முந்நூறு கிலோ தேறும் என்று நம்பியவர், தராசில் இருநூறு கண்டால் 'ஓவர்எஸ்ரிமேற்' செய்திருக்கிறார். இருநூறுதான் என்று தெரிந்துகொண்டே சந்தியில் வந்து முந்நூறு என்றால் அது 'இக்ஸாஜரேற்'. நிறையைச் சரியாகச் சொல்லிவிட்டு, மீன் படகையே இழுத்துக்கொண்டு ஓடியது என்று சோடித்தால் 'எம்பெலிஷ்'. 'ஓவர்ஸ்ரேற்' பெரும்பாலும் எழுத்திலும் வாதத்திலும் வரும்: நட்டத்தை, முக்கியத்துவத்தை, வருமானத்தை உள்ளதற்கு மேலாகக் காட்டுவது. 'ஹைப்பேர்பலி'யில் ஏமாற்றே கிடையாது. சொல்பவருக்கும் கேட்பவருக்கும் அது மிகை என்று தெரியும். நம் இலக்கணத்தில் உயர்வுநவிற்சி. தண்டியலங்காரம் அதை அதிசய அணி என்கிறது. 'hyperbole' என்ற எழுத்தைப் பார்த்து 'ஹைப்பர்போல்' என்று படிக்கும் பிள்ளைகள் அநேகம். கடைசி எழுத்து ஒலிக்கும், அழுத்தம் இரண்டாம் அசையில் விழும் என்று ஒரு வரி சேர்த்திருக்கலாம்.

'இக்ஸாஜரேற்' இலத்தீனிலிருந்து வந்தது. மண்ணைக் குவித்து மேடாக்குவதுதான் மூலப்பொருள். எழுதும்போது இரண்டு 'ஜி' வேண்டும். அதை 'இக்ஸாஜரேற் த டமேஜ்' என்று நேராகச் செயப்படுபொருளோடு சேர்த்தாலே போதும், நடுவில் 'அபவுட்' தேவையில்லை. 'ஓவர் இக்ஸாஜரேற்' என்று எழுதுவதும் வீண். மிகை அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது.

மரபுத்தொடர்களில் தவறு இன்னும் கூடுதல். 'மவுண்டன் அவுட் ஒஃப் எ மோல்ஹில்' என்பதற்கு 'எலிவளையை மலையாக்குதல்' என்று போட்டிருக்கிறீர்கள். 'மோல்' எலியல்ல. நிலத்தடியில் சுரங்கம் தோண்டி மண்ணைச் சிறு குவியலாக மேலே தள்ளும் பிராணி. இலங்கையில் அது இல்லை. பேனைப் பெருமாளாக்குவது என்ற சொல்லடை நம்மிடம் இருக்கும்போது இல்லாத பிராணியை ஏன் இழுக்க வேண்டும்? 'லே இற் ஒன் திக்' சுவருக்குச் சாந்தைத் தடிப்பாக அப்புவதிலிருந்து வருவது. புகழ்ச்சிக்கும் முறைப்பாட்டுக்கும் பொருந்தும், தொகைக்குப் பொருந்தாது. 'ரோல் ஸ்ரோரி' (tall story) அண்டப்புளுகு. 'கிறை வூல்ஃப்' மிகைப்படுத்தலே அல்ல. பொய்யாகக் கூக்குரலிட்டு, உண்மையான ஆபத்தில் நம்புவாரின்றி நிற்பது. அதைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள்.

பேச்சு ஆங்கிலத்தின் 'எ மில்லியன் ரைம்ஸ்' என்பதைப் 'பத்து இலட்சம் முறை' என்று பெயர்ப்பது நகைப்புக்கிடம். 'நூறு தரம் சொல்லிப்போட்டன்' என்றல்லவா இங்கே சொல்வோம்? 'கொஸ்ற் அன் ஆம் அன்ட் எ லெக்' என்றால் கையும் காலும் வேண்டாம், ஆனைவிலை குதிரைவிலை. எங்கள் கன்னியா வெந்நீர்க் கிணறுகளுக்கு வரும் வெளிநாட்டார் வெயிலைப் பார்த்து 'பொய்லிங்' என்பார்கள். அதே சொல்லைக் கிணறுகளோடு ஒட்டி 'கொதிநீர்' என்று எழுதிவிட்டால், ஏழு கிணற்றிலும் வாளியால் அள்ளிக் குளிக்கும் சனத்தை என்ன சொல்வது?

மிகைபோலத் தோன்றி மிகையாக இல்லாத சொற்களையும் கற்பிக்க வேண்டும். 'சூப்பர் சைக்ளோன்' பத்திரிகைக்காரர் ஊதிய சொல்லல்ல. வங்காள விரிகுடாப் புயல்களுக்கான வகைப்பாட்டில், காற்று மணிக்கு 222 கிலோமீற்றரோ அதற்கு மேலோ வீசினால் மட்டுமே அந்தப் பெயர். 63 முதல் 88 வரை 'சைக்ளோனிக் ஸ்ரோம்'. 2020 டிசெம்பரில் திருகோணமலைக்கு வடக்கே கரைகடந்த புரெவி அந்த வகைதான். அதைச் 'சூப்பர் புயல்' என்றோ 'ராட்சதப் புயல்' என்றோ தலைப்பிட்டால் அதுவே 'ஓவர்ஸ்ரேற்'. காற்றின் வேகம் 'அப் ரு 60' என்ற வானிலை அறிவித்தலில் 'வரை' விடுபட்டாலும் இதே கேடு. 'சில வேளைகளில் 60 வரை அதிகரிக்கக்கூடும்' என்பது '60 கிலோமீற்றர் வேகத்தில் வீசும்' என்றாகிவிடுகிறது. 'சில வேளைகளில்', 'வரை', 'கூடும்' மூன்றும் போய்விட்டன. கடலுக்கு இறங்குவதா என்று பார்த்துக்கொண்டிருப்பவர் இதைத்தான் வாசிக்கிறார்.

எங்கள் திருகோணமலைத் துறைமுகத்துக்கும் இது பொருந்தும். 'ஒன் ஒஃப் த ஃபைனஸ்ற்' என்றால் 'மிகச் சிறந்தவற்றுள் ஒன்று'. தமிழுக்கு வரும்போது 'உள் ஒன்று' கழன்று, ஒரு நாள் உலகில் இரண்டாவது, இன்னொரு நாள் ஐந்தாவது. ஆழத்திலா, பரப்பிலா என்று எவரும் எழுதுவதில்லை. துறைமுகத்தின் பெருமைக்கு இந்த இலக்கங்கள் தேவையில்லை.

அடுத்த இதழில் ஒவ்வொரு சொல்லுக்கும் இரண்டு வாக்கியங்களாவது சேர்த்து, 'ஓவர்எஸ்ரிமேற்', 'கிறை வூல்ஃப்' இரண்டையும் நீக்கி, அந்தப் பகுதியைத் திருத்தி வெளியிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

ஆங்கில ஆசிரியர்,
உப்புவெளி, திருகோணமலை.