ஆல்பர்ட் ஹாலுக்குப் போகும் மகளுக்கு

சுங்கை சிப்புட், மலேசியா

அன்பு மகள் பாப்பாவுக்கு,

ராக் கிட்டார்காரர் ஸ்டீவ் ஹேக்கெட் லண்டனில் ராயல் ஆல்பர்ட் ஹாலில் வாசித்தால் எந்த இடத்தில் டிக்கெட் எடுப்பது என்று கேட்டிருந்தாய். போனில் சொன்னால் பாதி விட்டுப்போகும். அதனால் எழுதுகிறேன். பசியாறிவிட்டு நிதானமாகப் படி.

அது நீள்வட்டமான கட்டடம், 1871-இல் திறந்தது. மேலே பெரிய குவிமாடம். உட்புறம் குழிந்த அந்தக் கூரை ஒலியைச் சிதறவிடாது, திரட்டிக் கீழே திருப்பி அனுப்பும். அதனால் வாசித்ததெல்லாம் அங்கே இரண்டு தடவை கேட்கும் என்று முன்பு கேலி பேசுவார்கள். 1969-இல் கூரையிலிருந்து காளான் மாதிரி கண்ணாடியிழைத் தட்டுகளைத் தொங்கவிட்ட பிறகுதான் எதிரொலி அடங்கியது. உள்ளே போனதும் நிமிர்ந்து பார், தெரியும். அடங்கியதே தவிர ஒழியவில்லை. இடம் பார்த்து எடுக்காவிட்டால் டிரம் அடி ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கஞ்சியாகிவிடும்.

மேடை ஒரு கோடியில், பெரிய ஆர்கனுக்கு முன்னால் இருக்கும். பக்கத்தில் இருந்து பார்க்கலாம் என்று ஆசைப்பட்டு மேடையை ஒட்டிய ஓரங்களை எடுத்துவிடாதே. அங்கே ஒலிபெருக்கிகளின் வாய் உன்னைத் தாண்டி வேறு பக்கம் பார்த்திருக்கும். டிரம் மட்டும் நேரே வந்து விழும், பாட்டின் சொல் புரியாது. மேடைக்குப் பின்னால் இருக்கும் வரிசைகளை விற்றாலும் வாங்காதே. நேர் எதிரே, ஸ்டால்ஸ் என்று சொல்கிற சாய்வு வரிசைகளில் எடு. ஒலிக்கலவை மேசையும் பெரும்பாலும் அந்தப் பக்கம்தான் இருக்கும். மேசைக்காரர் தன் காதுக்கு எது சரியோ அதைத்தான் மண்டபம் முழுவதற்கும் அனுப்புகிறார். அவருக்கு அருகில் உட்கார்ந்தால் அவர் ஆக்கியதை அதே சூட்டில் சாப்பிடலாம்.

பாக்ஸ் எடுத்தால் முன் நாற்காலி, இல்லாவிட்டால் வேண்டாம். உள்ளே போகப் போக மேல் தளம் கூரையாகக் கவிந்து, சிம்பலின் மினுமினுப்பு முதலில் போய்விடும். சுவரை ஒட்டி உட்கார்ந்தால் பேஸ் மட்டும் ஊதிப் பெருக்கும். உச்சியில் இருக்கும் கேலரி மலிவு. ஆனால் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 343 மீட்டர்தான் போகும், 34 மீட்டர் தள்ளியிருந்தால் நொடியில் பத்தில் ஒரு பங்கு பிந்திவரும். குச்சி இறங்கியது கண்ணுக்குத் தெரியும், அடி அப்புறம் வரும். தேர் ஊர்வலத்தில் கடைசியில் நின்று தவில்காரர் கையைப் பார்ப்பது போலத்தான். ஒன்பது ஒன்பதாக எண்ண வேண்டிய இசைக்கு அது பெரிய இடைஞ்சல்.

எண்ணுவதைப் பற்றிச் சொல்கிறேன், இதற்குத்தான் முன்கூட்டிப் பழக வேண்டும். ஹேக்கெட் 1971 முதல் 1977 வரை ஜெனிசிஸ் என்ற ராக் குழுவில் இருந்தார். 1972-இல் வந்த ‘ஃபாக்ஸ்ட்ராட்’ ஆல்பத்தின் கடைசிப் பாட்டு ‘சப்பர்ஸ் ரெடி’, ஏறக்குறைய 23 நிமிடம். அதை எல்லாக் கச்சேரியிலும் வாசிப்பதில்லை. வாசித்தால் கடைசிப் பகுதிக்கு முன்னால் ஒன்பது எண்ணிக்கையில் ஒரு நீண்ட ஆர்கன் வாசிப்பு வரும். உனக்கு ஒன்பது என்றதும் பரத வகுப்பின் சங்கீர்ணம் வாயில் வரும்: தகதிமி தகதகிட, நாலும் ஐந்தும். அதை வைத்துப் போட்டால் இரண்டாவது சுற்றிலேயே தடுக்கி விழுவாய். இங்கே பேஸும் டிரம்மும் பிரிப்பது மூன்று, இரண்டு, நாலு. தகிட தக தகதிமி என்று சொல். தொடையில் மூன்றுக்கும் இரண்டுக்கும் நாலுக்கும் முதல் அடியை மட்டும் தட்டு, மற்றதை வாய்க்குள் ஓடவிடு. பத்து நிமிடம் போதும், படிந்துவிடும்.

படிந்த பிறகுதான் வேடிக்கை. மேலே ஆர்கன் அந்த ஒன்பதில் அடங்கி நிற்காது, தன் போக்கில் போகும். வலது கையால் ஒன்பதின் தொடக்கத்தையும் இடது கையால் நாலின் தொடக்கத்தையும் தட்டிப் பார். 36 எண்ணியதும் இரண்டு கையும் சேர்ந்து விழும், அதுவரை இழுபறிதான். பாட்டில் இருப்பது இவ்வளவு ஒழுங்கான கணக்கு இல்லை. ஆனாலும் அந்த இழுபறிச் சுவை இதில் பிடிபட்டுவிடும். மண்டபத்தில் காலைப் பேஸோடு விட்டுவிட்டு, காதை ஆர்கனோடு அனுப்பு. இரண்டையும் காதால் பிடிக்கப் போனால் இரண்டும் தப்பும்.

1973-இல் வந்த ‘செல்லிங் இங்லண்ட் பை த பவுண்ட்’ ஆல்பத்தில் ‘ஃபர்த் ஆஃப் ஃபிஃப்த்’ இருக்கிறதே, அதன் தொடக்கப் பியானோவை எண்ணாதே. அதன் தாளம் 13/16, 15/16 என்று மாறிக்கொண்டே போகும். எண்ணுகிறவனுக்கு எண்ணிக்கைதான் மிஞ்சும். அந்தப் பாட்டில் நீ காத்திருக்க வேண்டியது நடுப்பகுதி. முதலில் ஒரு மெட்டு புல்லாங்குழலில் மெதுவாக வரும். வேறு வாத்தியங்கள் அதைச் சுற்றிப் பெரிதாகி, பிறகு அதே மெட்டைக் கிட்டார் எடுக்கும். மெட்டு ஒன்றுதான். குழலில் மூச்சு தீர்ந்ததும் சுரம் முடியும். கிட்டாரில் முடிய வேண்டிய இடத்திலும் முடியாமல் நிற்கும்.

அது எப்படி நிற்கிறது? தைப்பூசத்தில் உறுமியைக் கவனித்திருப்பாய். ஒரு பக்கம் அடிக்கிற பக்கம், மறுபக்கம் வளைந்த குச்சியால் தேய்க்கிற பக்கம். அடித்த ஓசை பிறந்ததும் மங்கத் தொடங்கிவிடும், தேய்ப்பு குச்சி நகரும்வரை உயிரோடு இருக்கும். கிட்டார் பிறவியிலேயே அடிக்கிற பக்கம். ஹேக்கெட் அதைத் தேய்க்கிற பக்கமாக மாற்றுகிறார், அதற்குக் காலும் வேண்டும். வால்யூம் பெடலை மூடி வைத்துக்கொண்டு தந்தியை மீட்டி, பிறகு மெல்லத் திறந்தால், மீட்டிய ‘டிக்’ காதுக்கு வராது, வயலின் வில் போட்டது போல சுரம் ஊறி வரும். திறப்பதில் அவசரப்பட்டால் ‘டிக்’ தெரிந்துவிடும், பிந்தினால் சுரம் பாதி செத்திருக்கும். ஆகையால் அவர் முகத்தைப் பார்க்காதே, காலைப் பார். சிறிய தொலைநோக்கி கொண்டுபோ, எட்டு மடங்கு பெருக்குவது போதும். அதற்கு மேல் போனால் கை நடுக்கம்தான் பெரிதாகத் தெரியும்.

அந்தக் காலத்தில் சுரத்தை நிறுத்தி வைக்க, ஒலியைக் கரகரப்பாக்கி நீட்டும் ஃபஸ் பெட்டியும், ஆம்பிளிஃபயரைச் சத்தமாக வைத்து அதன் முன்னால் சரியான தூரத்தில் இருப்பதும்தான் வழி. ஒலிபெருக்கியின் ஓசை தந்தியை மறுபடி அதிரவைக்கும். ஓரடி நகர்ந்தால் சுரம் வேறொன்றாகத் தாவிவிடும், மண்டபத்துக்கு மண்டபம் அந்த இடம் மாறும். இப்போது அவர் கையில் அதிகம் இருப்பது லெஸ் பால் வடிவக் கிட்டார். அதில் சஸ்டெய்னர் என்றொரு சாதனம் பொருத்தியிருக்கிறார். கழுத்துப் பக்கம் ஒரு காந்தச் சுருள் இருக்கும். தந்திகளைத் தாங்கும் பாலத்துப் பக்கம் அதிர்வைப் பிடிக்கும் பிக்-அப் கேட்டதைப் பெருக்கி அந்தச் சுருள் வழியாகத் தந்தியை ஆட்டிக்கொண்டே இருக்கும். சத்தம் குறைவாக இருந்தாலும் சுரம் சாகாது. பேட்டரியில் ஓடுவது, பேட்டரி இறங்கினால் கிட்டார் பழையபடி அடிக்கிற பக்கத்துக்கே போய்விடும். இதைப் பித்தலாட்டம் என்று சொல்கிறவர்கள் உண்டு. நாகஸ்வரக்காரருக்கு ஒத்து ஊதுகிறவர் பக்கத்தில் இருப்பதை யாரும் பித்தலாட்டம் என்பதில்லையே.

இன்னொன்று, அவருடைய வலது கை தந்தி மீட்டும் இடத்தைவிட்டுக் கழுத்துப் பலகைமேல் ஏறும். இரண்டு கை விரல்களாலும் தட்டி வாசிக்கும் டாப்பிங் அது. 1971-இலேயே ஆல்பத்தில் செய்திருக்கிறார், கிட்டார்காரர் எடி வான் ஹேலன் அதைப் பெயர் பெற வைத்ததற்கு ஏழு ஆண்டு முந்தி. அப்போதெல்லாம் மேடையில் உட்கார்ந்துதான் வாசிப்பார். கீழே இருந்தவர்களில் எத்தனை பேருக்கு அது கண்ணில் பட்டதோ.

மெலோட்ரான் என்ற பழைய நாடாக் கீபோர்டை மேடையில் தேடாதே, பெரும்பாலும் டிஜிட்டல் கீபோர்டிலிருந்துதான் அந்த ஒலி வரும். பழைய எம்400 மாடலில் 35 கட்டைகள். ஒவ்வொரு கட்டைக்கும் கீழே ஒரு காந்த நாடா, நாடாவில் சுமார் 8 விநாடி வயலினோ குழலோ பதிவாகியிருக்கும். எட்டு விநாடி தாண்டினால் ஓசை அறுந்துவிடும், கையை எடுத்து நாடா திரும்பச் சுருண்ட பிறகுதான் மறுபடி அழுத்தலாம். நிறையக் கட்டையை ஒன்றாக அழுத்தினால் மோட்டார் திணறிச் சுருதி இறங்கும். பழைய பதிவுகளில் அந்த ஒலி கொஞ்சம் தள்ளாடுவது அதனால்தான். இப்போது தள்ளாடாது. எனக்கென்னவோ அந்தத் தள்ளாட்டம் இல்லாமல் உப்பு குறைந்த மாதிரிதான் இருக்கிறது.

காதடைப்பான் கட்டாயம். 85 டெசிபலை எட்டு மணி நேரம் தாங்கலாம் என்பது அமெரிக்கத் தொழில்நலக் கணக்கு, ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். 100-க்குப் பதினைந்து நிமிடம்தான். மருந்துக்கடை நுரைத் துண்டு உயர்ந்த ஓசையை அதிகம் விழுங்கிவிடும், போர்வைக்குள்ளிருந்து கேட்பது போலிருக்கும். இசைக்கென்று வடிகட்டி வைத்தது வாங்கு, 15 முதல் 20 டெசிபல் குறைத்தால் போதும். வேறு வழியில்லாமல் நுரைதான் என்றால் மெல்லிய திரியாக உருட்டி, மறு கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுவந்து காது மடலை மேலும் பின்னும் இழுத்து, உள்ளே விட்டு அரை நிமிடம் அழுத்திப் பிடி. பாதி வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் போட்டும் பயனில்லை. காது ‘ஙொய்’ என்ற பிறகு போடுவது, மழை விட்ட பிறகு குடை விரிப்பது போல.

‘ஹொரைசன்ஸ்’ அவர் தனியாக வாசிக்கும் கிட்டார் இசை, ஒன்றரை நிமிடத்துக்குச் சற்று மேல். அதற்கு மட்டும் கழற்றிக்கொள். கைதட்டல் தொடங்குமுன் மறுபடி போட்டுவிடு.

சவுத் கென்சிங்டன் ஸ்டேஷனிலிருந்து பதினைந்து நிமிட நடை. வெள்ளி, சனி இரவென்றால் பிக்காடில்லி ரயில் விடிய விடிய ஓடும், மற்ற நாளில் கடைசி ரயிலைப் பார்த்து வைத்துக்கொள். இடைவேளை விட்டால் கழிப்பறை வரிசைக்குப் பயப்படாதே. இந்த மாதிரிக் கச்சேரியில் நீளமான வரிசை ஆண்கள் பக்கம்தான்.

வந்து எனக்கு மூன்று விஷயம் சொல். ‘ஃபர்த் ஆஃப் ஃபிஃப்த்’ மெட்டை முதலில் எடுத்தது குழலா, சாக்ஸபோனா? கிட்டார் எடுத்தபோது கால் பெடலில் இருந்ததா? மிக நீண்ட சுரம் எத்தனை எண்ணிக்கை நின்றது? மறந்துபோகுமுன் அன்றிரவே கூப்பிடு. அங்கே பதினொன்று என்றால் இங்கே விடிகாலை ஆறோ ஏழோ, அம்மா தோசை சுட்டுக்கொண்டிருப்பாள், நான் எழுந்திருப்பேன்.

அன்புடன்,
அப்பா