கால் கிலோ கொழுந்து

ஆசிரியர் அவர்களுக்கு,

தேயிலைத் தோட்டச் சம்பளம் பற்றி உங்கள் பத்திரிகையில் செய்தி வராத வாரம் குறைவு. 2021இல் நாள் சம்பளம் ஆயிரம் ரூபாய்க்காக நாங்கள் பட்ட பாடும், 2024இல் அது 1350 ஆன கதையும் ஊரறிந்தது. ஆனால் அந்தச் சம்பளம் மலையில் எந்த இடத்தில் முழுசாகிறது, எந்த இடத்தில் பாதியாகிறது என்பதை யாரும் எழுதக் காணோம். 26 வருடமாகக் கொழுந்து பறிக்கிறேன். போன மழைக்காலத்தில் எங்கள் மலையில் நடந்ததைச் சொல்லாவிட்டால் மனசு ஆறாது. இதில் கெட்டவர் என்று விரல் நீட்ட ஒருவரும் இல்லை. நான் வாய் திறக்க ஒரு மாதத்துக்கு மேல் ஆனதற்கும் அதுதான் காரணம்.

எங்கள் தோட்டம் இலங்கை மலையகத்தில் நோர்வூட்டுக்கு மேலே இருக்கிறது. எங்களுக்கு நோம், அதாவது ஒருநாளில் பறிக்க வேண்டிய அளவு, 18 கிலோ. 18 எடுத்தால் முழுப்பேர் (முழு நாள் சம்பளம்), குறைந்தால் அரைப்பேர் (பாதிச் சம்பளம்). ஏப்ரல், மே மாதங்களில் 25 கிலோகூட எடுக்கலாம். ஜூனில் தென்மேற்கு மழை பிடித்துவிட்டால் கொழுந்து சுருங்கிவிடும். அப்போது பறிக்க எந்த நிரை (செடி வரிசை) கிடைக்கிறது, நிறுவையில் எவ்வளவு கழிக்கிறார்கள் என்பதில்தான் அன்றைய சம்பளம் தொங்குகிறது.

எங்கள் வேலையை மேற்பார்க்கும் கொழுந்து கங்காணி ஒரு பெண். எங்களோடு கூடை சுமந்து மேலே வந்தவர். என் மகனுக்கு வலிப்பு வந்த இரவில் அவனைத் தோளில் போட்டுக்கொண்டு ரோட்டுக்கு ஓடியவர் அவர்தான். அவர் நல்லவரா என்று என்னிடம் யாராவது கேட்டால் கோபம் வரும்.

மே கடைசியில் ஒரு பிள்ளை எங்கள் கூட்டத்துக்கு வேலைக்கு வந்தாள். கைக்குழந்தைக்கு எட்டு மாதம். கொழும்புக்கு வேலைக்குப் போன புருஷன் காசும் அனுப்பவில்லை, ஃபோனும் எடுக்கவில்லை. பிள்ளைக்காம்பராவில் (தோட்டத்துக் குழந்தைகள் காப்பகம்) குழந்தையை விட்டுவிட்டு வருவாள். பத்து மணிக்கெல்லாம் சட்டை நனைந்து நிற்பாள், மழையால் அல்ல. 13 கிலோ, மிஞ்சினால் 14 எடுப்பாள். கங்காணி அக்காவுக்கு அதைப் பார்க்கப் பொறுக்கவில்லை. முதலில் ரோட்டோரமாக, சரிவில்லாத நல்ல நிரையை அவளுக்குக் கொடுத்தார். அதற்கு நாங்கள் ஒருவரும் முகம் சுளிக்கவில்லை. பிறகுதான் கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் ஒன்றைக் கவனித்தேன். தராசில் 13 என்று சிவப்பு எழுத்து எரிகிறது, கொப்பியில் 18 விழுகிறது.

அந்த ஐந்து கிலோ வானத்திலிருந்து வராது. மலையில் எழுதிய நிறையும் ஃபெக்டரியில் நிறுக்கும் நிறையும் ஒத்துப்போக வேண்டும். சாக்குக்கும் தண்ணிக்கும் வழக்கமாகக் கழிப்பதோடு, மாலை நிறுவையில் ஆளுக்குக் கால் கிலோ கூடுதலாகக் கழித்தார் அக்கா. நாங்கள் 20 பேர். கணக்குச் சரியாக வந்துவிடும்.

கால் கிலோ என்பது இரண்டு கைப்பிடிக் கொழுந்து. எனக்கு அது பெரிசாகத் தெரியவில்லை, நான் 19, 20 எடுக்கிறவள். ஆனால் எங்கள் கூட்டத்தில் ஒரு பெரியம்மா இருக்கிறார். பென்சனுக்கு இன்னும் கொஞ்ச நாள்தான். முழங்கால் மடங்காது. நல்ல நிரை அந்தப் பிள்ளைக்குப் போனதில் கானோரத்து (வடிகால் ஓரத்து) சரிவு இவருக்கு விழுந்தது. ஒருநாள் மாலை, இடுப்பில் கட்டிய படங்கை அவிழ்க்காமல் தராசுக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார். கழிவு போக 17 கிலோ 800 கிராம். "அரைப்பேர்" என்று அக்கா எழுதினார். பெரியம்மா ஒன்றும் சொல்லவில்லை. கூடைக்கயிறு அழுத்திப் பள்ளமான நெற்றியைத் தேய்த்துக்கொண்டு, கூடையின் அடியில் ஒட்டியிருந்த இலைகளை ஒவ்வொன்றாகப் பிய்த்துச் சாக்கில் போட்டார். எட்டு, பத்து இலை இருக்கும். 675 ரூபாய் போனது அவருக்கு. அந்தக் கால் கிலோ இருந்திருந்தால் 18ஐத் தாண்டியிருப்பார்.

அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் கெட்டது. யாரிடம் சொல்வது? சங்கத் தலைவரிடம் போனால், எங்கள் லயத்து வரிசை வீடுகளிலேயே இரண்டு சங்கம், மறுநாள் அது கொடிச் சண்டையாகிவிடும். தோட்ட மேலாளரான துரையிடம் போனால் அக்காவின் வேலை போகும், அதோடு எங்கள் எல்லோருக்கும் கழிவு இன்னும் இறுகும். சும்மா இருந்தால் பெரியம்மா. இப்படியே நாள் போனது. அந்த நாட்களில் பெரியம்மாவுக்கு இன்னும் நாலு தடவை அரைப்பேர் விழுந்தது. அந்த நாலும் என் கணக்கில்தான் சேரும் என்று நினைக்கிறேன்.

என் வாயைத் திறக்க வைத்தது அந்தப் பிள்ளைதான். பைப்படியில் என்னைத் தனியாகப் பிடித்துச் சொன்னாள்: "அக்கா, நான் வந்தா எல்லாரும் வாளியத் தூக்கிக்கிட்டுப் போயிர்றாங்க. எனக்கு அந்த அஞ்சு கிலோ வேணாம்னு கங்காணியம்மாகிட்ட சொல்லுங்க. நான் சொன்னா நன்றி கெட்டவன்னு நினைப்பாங்க."

அன்று சாயங்காலமே அக்கா வீட்டுக்குப் போனேன். தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தார். சொன்னேன். முகம் கறுத்துவிட்டது. "ஒரு பச்சப்புள்ளக்காரிக்கு செஞ்சது ஒனக்கு வயிறு எரியுதா? எல்லாருக்கும் ஒரே கழிவுதானே போட்டேன்?" என்றார். "அக்கா, ஒங்க கைக்காச குடுத்தீங்கன்னா நான் கையெடுத்துக் கும்பிடுவேன். இது பெரியம்மா கூடையில இருந்த கொழுந்து. அவங்ககிட்ட யாரு கேட்டா?" என்றேன். அக்கா பதில் சொல்லவில்லை. பெரியம்மாவுக்கு எத்தனை அரைப்பேர் விழுந்தது என்று அவர் எண்ணியே பார்த்திருக்கவில்லை. கொப்பியை எடுத்து அப்போதுதான் எண்ணினார்.

எங்கள் அம்மாயி, தன் தாய் சொன்னதாக, இந்தியாவிலிருந்து ஆள் கூட்டி வந்த பெரிய கங்காணி காலத்துக் கதை சொல்வார். கல்யாணத்துக்கும் கருமாதிக்கும் கேட்டதும் காசு தருவாராம், சனம் அவரைத் தகப்பன் என்று கும்பிடுமாம். கடனைக் கட்டாமல் வேறு தோட்டத்துக்குப் போக முடியாமல் துண்டுச் சீட்டில் கட்டிப் போட்டதும் அதே ஆட்கள்தான். துண்டு முறை 1921இல் ஒழிந்தது. எங்கள் அக்காவை அவர்களோடு சேர்த்துப் பேசுவது பாவம். ஆனால் இரக்கமும் தராசும் ஒரே கையில் இருக்கும்போது கேள்வி கேட்க நாக்கு எழாத பழக்கம் நமக்கு அந்தக் காலத்திலிருந்தே வருகிறது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், இதுதான் எனக்கு அதிகம் வலித்தது. தோட்டத்துக்கு வரும் மிட்வைஃப் மிஸ்ஸிடம் இதைப் பற்றிப் பேசியபோது அவர் தலையில் அடித்துக்கொண்டார். 1939ஆம் ஆண்டின் மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டத்தின்படி, ஒரு வயதுக்குக் குறைந்த குழந்தை உள்ள தாய்க்கு வேலை நேரத்துக்குள் பாலூட்ட இரண்டு இடைவேளை உண்டாம். பிள்ளைக்காம்பரா இருந்தால் ஒவ்வொன்றும் அரை மணி, இல்லையென்றால் ஒரு மணி. தோட்டம் கொடுக்க வேண்டிய அந்த அரை மணி நேரத்தை யாரும் கேட்கவில்லை. அதற்குப் பதிலாக 20 பெண்களின் கூடையில் கை வைத்தோம். அக்காவுக்கும் இது தெரியாது, எனக்கும் தெரியாது.

அக்கா, நான், அந்தப் பிள்ளை மூன்று பேருமாக உதவி மேலாளரான சின்னதுரையிடம் போனோம். இப்போது அவள் பத்து மணிக்கும் இரண்டு மணிக்கும் பிள்ளைக்காம்பராவுக்குப் போய் வருகிறாள். நல்ல நிரை வாரத்துக்கு வாரம் மாறுகிறது. கூடுதல் கழிவு நின்றுவிட்டது. ஆனால் நோம் குறையவில்லை. இடைவேளைக்குப் போய் வருகிறவளுக்கும் அதே 18தான், மழை நாளில் அவளுக்கு அரைப்பேர் விழுகிறது. சில நாள் மாலையில் நாங்கள் சிலர் ஆளுக்கு ஒரு பிடி அள்ளி அவள் சாக்கில் போடுகிறோம். போடாதவர்களும் உண்டு. அவர்களை யாரும் கேட்பதில்லை. அக்கா என்னோடு இன்னும் முன்போல் பேசுவதில்லை. காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பிரட்டில் பெயர் கூப்பிடுவதோடு சரி. பெரியம்மாவுக்குப் போன ஐந்து அரைப்பேரையும் யாரும் திருப்பிக் கொடுக்கவில்லை.

ஆசிரியர் ஐயா, ஒரு வேண்டுகோள். பாலூட்டும் தாய்க்கு என்னென்ன உரிமை என்பதைச் சுத்தமான எளிய தமிழில், பெரிய எழுத்தில், அரைப்பக்கத்துக்கு ஒரு முறை போடுங்கள். மழைபடாத இடமாகப் பார்த்து, எங்கள் கொழுந்து மடுவத்துச் சுவரில் தராசுக்கு நேர் மேலே நான் ஒட்டி வைக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு தோட்டத் தொழிலாளி,
நோர்வூட்
(பெயரை வெளியிட வேண்டாம்)