யார் வீட்டுப் பழைய சேகரிப்பு?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் வந்த சேரர் காசுக் கட்டுரையை இரண்டு தடவை படித்தேன். முதல் தடவை ஆசையாக. இரண்டாம் தடவை, நாம்தான் தப்பாகப் படித்துவிட்டோமோ என்ற சந்தேகத்தில். இல்லை, அப்படித்தான் அச்சாகியிருக்கிறது: “பழைய குடும்பச் சேகரிப்பிலிருந்து வந்தது என்பதால் இதில் உரிமைச் சிக்கல் எதுவும் இல்லை.”

யார் குடும்பம், எவ்வளவு பழசு என்று கேட்கத் தங்கள் நிருபருக்குத் தோன்றவில்லையா? காசு எங்கே கிடைத்தது என்று ஒரு வார்த்தை இல்லை. விலை மட்டும் ஒரு சைபர் விடாமல் வந்திருக்கிறது. (படமும் தலைகீழ். யானை மல்லாந்து கிடக்கிறது. போகட்டும்.)

நான் கரூர்க்காரன். என் அப்பா ஈயம், பித்தளை எடைக்கு வாங்கும் கடை வைத்திருந்தார். அமராவதியில் தண்ணீர் வற்றியதும் மணல் அரிக்கிறவர்கள் தகர டப்பாவோடு வருவார்கள். தராசில் கவிழ்த்தால் மண்ணும் காசுமாகக் கொட்டும். பாதி உருக்கப் போய்விடும். அதில் நான் எடுத்து வைத்துக்கொண்ட ஒரு செப்புக் காசில் ஒரு பக்கம் யானை, மறுபக்கம் வில்லும் அம்பும். புளி போட்டுத் தேய்த்தேன். அப்புறமும் போகாத மண்ணைக் கோணி ஊசியால் நெம்பியதில் யானை வயிற்றில் குறுக்கே ஒரு கோடு விழுந்துவிட்டது. தங்கை கல்யாணச் செலவுக்கு அதையும் இன்னும் சிலதையும் ஒரு வியாபாரியிடம் கொடுத்தேன். பல வருஷம் கழித்து நண்பர் ஒருவர் காட்டிய வெளிநாட்டு ஏலப் புத்தகத்தில் அதே யானை, அதே கோடு. கீழே, ‘பழைய ஐரோப்பியச் சேகரிப்பு’ என்று போட்டிருந்தது. என் அப்பா கடைத் தராசு எப்போது ஐரோப்பாவுக்குப் போனது என்று எனக்குத் தெரியவில்லை. நான் யோக்கியன் என்று சொல்ல வரவில்லை. விற்றவன் நான்தான்.

நூறு வருஷத்துக்கு மேற்பட்ட காசைத் தனியார் யாரும் வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது என்று 1972-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்வது தங்களுக்குத் தெரியாததல்ல. பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையல் கிடைத்தால் கலெக்டரிடம் சொல்ல வேண்டும் என்ற 1878-ஆம் ஆண்டுச் சட்டமும் தெரிந்ததுதான். 2020-இல் திருவானைக்காவல் கோயிலில் 505 தங்கக் காசுகள் கிடைத்தபோது இதையெல்லாம் விளக்கி இரண்டு பக்கம் எழுதினேன். தாங்கள் போடவில்லை. அந்த வாரம் தொடர்கதை ஓவியத்தைப் பாராட்டி மூன்று கடிதங்கள் வந்திருந்தன.

அதே வருஷம், சீசரைக் கொன்ற புரூட்டஸ் அடித்த தங்கக் காசு லண்டனில் 32 லட்சம் பவுண்டுக்கு மேல் ஏலம் போனதைப் பெட்டிச் செய்தியாகப் போட்டீர்கள். அதற்கும் ‘சுவிட்சர்லாந்துப் பிரபுவின் பழைய சேகரிப்பு’ என்றுதான் காகிதம் இருந்தது. காகிதம் பொய் என்று தெரிந்து, 2023-இல் அந்தக் காசு கிரேக்க நாட்டுக்கே போய்ச் சேர்ந்தது. அந்தச் செய்திக்குத் தங்களிடம் பெட்டி இல்லை போலிருக்கிறது.

சேரர் தலைநகரான வஞ்சி கரூரா, கொடுங்கல்லூரா என்று அறிஞர்கள் மல்லுக்கட்டியபோது கரூர்ப் பக்கம் பேசிய சாட்சிகளில் இந்த ஆற்று மணல் காசுகளும் உண்டு. ‘மாக்கோதை’ என்று பெயர் பொறித்த வெள்ளிக் காசு இங்கே கிடைத்தது என்பதால்தான் அதற்கு அவ்வளவு மதிப்பு. என் யானைக் காசு இனிமேல் எந்த வழக்கிலும் சாட்சி சொல்லாது. அது இப்போது ஐரோப்பியப் பிரஜை.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. இனி காசுப் படம் போட்டால், கிடைத்த இடம், கைமாறிய விவரம் என்று கீழே ஒரு வரி சேருங்கள். தெரியாவிட்டால் ‘தெரியாது’ என்றே போடுங்கள். முடிந்தால் யானையையும் நிமிர்த்தி ஒரு தடவை மறுபடி அச்சிடுங்கள்.

தங்கள் நீண்டகாலச் சந்தாதாரர்,
கரூர்.