துடுப்பைத் தூக்கியவர் பெயரையும் போடுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழில் வந்த பிச்சாவரம் அலையாத்திக் காட்டுப் படக்கட்டுரை பார்த்தேன். படங்கள் அருமை. ஆனால் கூடவே கொடுத்திருந்த யோசனைகளில் பாதி, எந்த லென்ஸ் வாங்குவது என்பதாகவே இருந்தது கொஞ்சம் உறுத்தியது.

நான் சிதம்பரத்துக்காரன். வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவிலுள்ள அந்தக் காட்டுக் கால்வாய்களில் பல வருடமாகக் கேமராவோடு சுற்றுகிறேன். முதல் தடவை முக்காலியைத் தூக்கிக்கொண்டு போய், படகின் ஆட்டமெல்லாம் அதன் கால் வழியாகக் கேமராவுக்கு ஏறி, ஒரு படம்கூடத் தேறவில்லை. அப்புறம்தான் படகுக்குள் சப்பணமிட்டு உட்கார்ந்து, முழங்காலில் முழங்கையை ஊன்றி, ஆட்டம் படத்தில் தெரியாதபடி ஷட்டர் வேகத்தை 1/1000 நொடி அல்லது அதைவிட வேகமாக வைக்கப் பழகினேன். என் பங்கு அவ்வளவுதான். மீதி படகோட்டியின் கையில்.

போன தை மாதம், சுரபுன்னை மரத்தின், தண்ணீருக்கு மேலே வளைந்து நிற்கிற முட்டுவேரில் ஒரு கருந்தலை மீன்கொத்தி. குளிர்காலத்துக்கு மட்டும் வந்து போகிற பறவை. இன்னும் கிட்டப் போகச் சொன்னேன். படகோட்டி அண்ணன் தலையாட்டி மறுத்தார். "வலிச்சா பறந்துடும் சார். வடியுற தண்ணியே கொண்டுபோய் விடும்" என்று துடுப்பைத் தூக்கி, நுனியில் சொட்டுகிற நீர்கூடச் சத்தம் போடாதபடி தொடைமேல் கிடத்திக்கொண்டார். படகு லேசாகத் திரும்பியபடி தானாக நகர்ந்தது. மீன்கொத்தியின் கவனமெல்லாம் சேற்று நண்டின் மேல். பாய்ந்து எடுத்து, வேரில் இரண்டு தட்டுத் தட்டி விழுங்கும்வரை பதினோரு படம் எடுத்தேன்.

சற்று நேரத்தில் பின்னால் வந்த படகில், பறக்கிற மாதிரி படம் வேண்டுமென்று ஒருவர் பலமாகக் கைதட்டினார். சேற்றில் மேய்ந்துகொண்டிருந்த கொக்குகள் மொத்தமும் எழுந்து போயின. தண்ணீர் வடிந்து சேறு தெரிகிற சில மணி நேரம்தான் அவற்றுக்குச் சாப்பாட்டு வேளை. அந்தப் படமும் ஏதாவது பத்திரிகையில் வரும், நன்றாகவும் இருக்கும்!

அதனால் ஒரு வேண்டுகோள். பறவைப் படம் அனுப்புகிறவர்களிடம் அதை எப்படி எடுத்தார்கள் என்று ஒரு வரி கேட்டு வாங்குங்கள். படகிலிருந்து எடுத்ததென்றால், படகோட்டி சம்மதித்தால், அவர் பெயரையும் பக்கத்திலேயே அச்சிடுங்கள். இடம் போதாதென்றால் லென்ஸின் பெயரை எடுத்துவிடலாம்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகர்,
சிதம்பரம்