நீ அனுப்பிய அல்வா

கடலூர்,
ஞாயிறு இரவு

அன்புள்ள செல்வி,

இங்கே எல்லோரும் நலம். அண்ணனுக்கு முழங்கால் வலி தேவலையா?

அல்வா பார்சல் வியாழக்கிழமையே வந்துவிட்டது. போன் செய்யாமல் மூன்று நாள் கழித்துக் கடிதம் எழுதுகிறேனே, ஏதோ இருக்கிறது என்று ஊகித்திருப்பாய். போனில் சொன்னால் பாதியிலேயே நீ அழ ஆரம்பிப்பாய், உன்னைப் பார்த்து நானும் அழுவேன். பத்தாவது ரிசல்ட் அன்று நடந்த கதைதான்.

கவினுக்குக் கோதுமை ஆகாது செல்வி. தெரிந்து பத்து மாதம் ஆகிறது. உன்னிடம் சொல்லாமல் இருந்தது தப்புதான். டவுன் சிண்ட்ரோம் என்று தெரிந்த அன்று ராத்திரி பஸ் ஏறித் திருநெல்வேலியிலிருந்து வந்து நின்றவள் நீ. இன்னொன்றும் வந்திருக்கிறது என்று உன்னிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

சீலியாக் நோய் என்று பெயர். கோதுமை, பார்லியில் இருக்கும் குளூட்டன் உள்ளே போனால் அவன் உடம்பே அவன் சிறுகுடலைத் தாக்குகிறது. சத்தை உறிஞ்சுகிற உட்பரப்பு தேய்ந்துபோவதால் எவ்வளவு ஊட்டினாலும் உடம்பில் ஒட்டாது. டவுன் சிண்ட்ரோம் பிள்ளைகளுக்கு இது மற்றவர்களைவிட அதிகமாகவே வரும்.

ஐந்து வயதில் 11 கிலோ இருந்தான். வயிறு மட்டும் பானை மாதிரி. தினம் நாலைந்து தடவை வயிற்றால் போவான். இங்கே ஒரு டாக்டர், "இந்தப் பிள்ளைங்க இப்படித்தாம்மா இருக்கும்" என்றார். நானும் நம்பினேன். அதை நினைத்தால்தான் இன்னும் நெஞ்சு அடைக்கிறது. நடை தாமதம், பேச்சு தாமதம் என்று எல்லாவற்றுக்கும் அந்த ஒரே காரணத்தைச் சொல்லிப் பழகி, வயிற்றுவலியில் பிள்ளை அழுததற்கும் அதையே சொல்லியிருக்கிறோம். வலிக்கிறது என்று சொல்ல அவனிடம் வார்த்தை ஏது? அதிலும் ஒல்லியாக இருக்கிறானே என்று பால்வாடி சத்துமாவை தினம் இரண்டு உருண்டை பிடித்துக் கொடுத்தேன். மற்ற பிள்ளைகளுக்கு அது நல்ல சாப்பாடு. ஆனால் அதில் கோதுமை இருக்கிறதே செல்வி.

கடைசியில் பாண்டி ஜிப்மருக்குப் போனோம். முதல் பஸ்ஸைப் பிடித்தால்தான் கோரிமேட்டில் சீட்டு வாங்கும் வரிசையில் முன்னால் நிற்கலாம். டி.டி.ஜி. என்று ஒரு ரத்தப் பரிசோதனை, அப்புறம் எண்டோஸ்கோப்பியில் குடலிலிருந்து சின்னத் துணுக்கு எடுத்துப் பார்த்தார்கள். அது முடிகிறவரை கோதுமையை நிறுத்தக்கூடாது, நிறுத்தினால் நோய் இருப்பது தெரியாமலே போய்விடும் என்றார்கள். மூன்று வாரம் தெரிந்தே சப்பாத்தி பிய்த்து ஊட்டினேன். என் கையால்.

இதற்கு மாத்திரை இல்லை. ஆயுசுக்கும் கோதுமையைத் தொடக்கூடாது, அவ்வளவுதான். நம் ஊரில் சோறும் இட்லியும் இருக்கும்போது என்ன கஷ்டம் என்று தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. உன் பெருங்காய டப்பாவைத் திருப்பிப் பார். கோதுமை மாவோ மைதாவோ சேர்த்திருப்பார்கள், பெரும்பாலும். கல்யாண வீட்டு ரசத்திலிருந்து பக்கத்து வீட்டு முறுக்குவரை அது இல்லாதது எது சொல்லு! இப்போது எங்கள் வீட்டில் சீரகமும் பூண்டும்தான். மாவு மிஷினில் நமக்கு முன்னால் யாராவது கோதுமை அரைத்திருந்தால் நம் அரிசி மாவும் போச்சு, அதனால் மிக்ஸியிலேயே அரைத்துச் சலிக்கிறேன். தெரபியில் விரலுக்குப் பலம் வர மாவு பிசையச் சொல்வார்கள், அதுவும் கோதுமை மாவு. பிசைந்த கையை வாயில் வைக்காத பிள்ளை உண்டா? அரிசி மாவுக்கு மாற்றச் சொன்னேன், அந்தப் பெண் மறுவாரமே மாற்றிவிட்டாள். நல்ல பெண். "ஒரு வாய்க்கு என்ன ஆகிவிடும்" என்று முதலில் சொன்ன எங்கள் அத்தை இப்போது அவன் தோசைக்கல்லை யாரையும் தொட விடுவதில்லை.

இப்போது 13 கிலோ 400. வயிறு வற்றிவிட்டது. ராத்திரி முழுக்கத் தூங்குகிறான்.

சரி, வியாழக்கிழமைக்கு வருகிறேன். நான் கொல்லையில் அரிசி களைந்துகொண்டிருந்தேன். பார்சலை அவனே பிரித்துவிட்டான். நெய் வழிய ஒரு துண்டை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, சிந்தாமல் மெதுவாக நடந்து என்னிடம் வந்தான். வாயில் போடவில்லை. இன்னொரு கையால் வயிற்றைத் தொட்டுக் காட்டி, "உவ்வா?" என்றான்.

அவனிடம் இருப்பது முப்பது வார்த்தை. அம்மா, பஸ், தண்ணி, வா, போ. எல்லாம் பெயர் சொல்வதற்கு, இல்லாவிட்டால் ஏதாவது வேண்டும் என்பதற்கு. ஆறு வயதாகிறது, இதுவரை அவன் யாரையும் ஒரு கேள்வி கேட்டதில்லை. இது சாப்பிட்டால் எனக்கு வலிக்குமா என்று என்னைக் கேட்கிறான் செல்வி!

"ஆமாண்டா கண்ணு, உவ்வா" என்றேன். அல்வாவை அப்படியே என் ஈரக் கையில் வைத்தான். விரலை நக்கப் போனான், அதற்குள் பிடித்துக் கழுவிவிட்டேன். அழவில்லை அவன். அன்றிலிருந்து கேள்விதான். சோப்பைக் காட்டி உவ்வா, அப்பா செருப்பைக் காட்டி உவ்வா, நேற்று தேவனாம்பட்டினத்தில் அலையைக் காட்டி உவ்வா. எல்லாவற்றுக்கும் பதில் சொல்லிக்கொண்டே இருக்கிறேன்.

அல்வாவைப் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டேன். ஐயோ தெரியாமல் அனுப்பிவிட்டேனே என்று ஆரம்பிக்காதே, உன் அல்வா வந்ததால்தான் அவன் கேட்டான்.

மே மாதம் வருகிறாய் அல்லவா? மீனாவையும் இழுத்துக்கொண்டு வா, டிரான்ஸ்ஃபர் கதையெல்லாம் நேரில் கேட்டுக்கொள்கிறேன். வழியில் கோவில்பட்டி கடலைமிட்டாய் வாங்கி வா. வெறும் கடலையும் வெல்லமும் என்றால் அவனுக்கு ஆகும், ஆனாலும் பாக்கெட்டில் என்ன போட்டிருக்கிறது என்று ஒரு தடவை படித்துப் பார்த்து வாங்கு. அவன் மெல்லுவதற்கு இன்னும் திணறுகிறான், பொடித்துத்தான் கொடுக்கவேண்டும். நீயே உன் கையால் கொடு. முதலில் கேட்பான், பதில் சொல்லிவிட்டுக் கொடு.

உன்,
வசந்தி